கர்ப்பூரம் மணந்த கூடு

கொக்கட்டிச்சோலையில் இருந்து மேற்கே போகிற கிறவல் றோட்டில் கனகசிங்கத்தின் வெல்டிங் கடை இருக்கிறது. கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஆட்கள் வருவார்கள்தான். ஆனால் கடைக்குள் தொங்குவதெல்லாம் பொறி. அரிசி ஆலைக்காரருக்கு எலிப்பொறி, கோழி வளர்க்கிறவர்களுக்குக் கீரிக்கூடு, வாவியில் இறங்குகிறவர்களுக்கு நண்டுக்கூடு, தென்னந்தோட்டக்காரருக்குக் குரங்குக்கூடு. நாற்பதுக்கு மேல் தொங்கும். அதில் ஒன்றுகூட உயிரை எடுக்காது. உயிரெடுக்கிற மாதிரி ஒன்று செய்து தா என்று எவனாவது வந்து நின்றால், "அதுக்கு நீ வேற கடை பாரு மனே" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்வார். கதை முடிந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. ஆனால் ஒரு வளையைக் கண்டால் மனிசன் விடமாட்டார். உள்ளே என்ன இருக்கு, எந்த நேரம் வெளியே வரும், ஏன் அந்தப் பக்கத்தால் வராமல் இந்தப் பக்கத்தால் வருகுது என்று குந்திக்கொண்டு பார்ப்பார். சோறு ஆறிப்போகும். மனிசி அஜந்தா தேற்றாத்தீவில் நண்டு பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. "எனக்குத் தாலி கட்ட வந்த அண்டைக்கும் வாசல்ல நிண்டு எறும்புப் புத்தப் பாத்த ஆள்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா.

கொல்லாத பொறிதான் செய்வேன் என்று நிற்கிறதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் தாந்தாமலைப் பக்கம் காடு வெட்டிச் சோளச் சேனை செய்தபோது பன்றித் தொல்லை தாங்காமல் ஏழு இடத்தில் சுருக்கு வயர் கட்டினார். மோட்டார் சைக்கிள் கிளச் வயர். அந்தக் காலத்தில் எல்லாரும் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஐந்தாவது சுருக்கில் கிடந்தது பன்றியில்லை, சிறுத்தை. இடுப்பில் வயர் இறங்கிச் செத்துக் கிடந்தது. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. சுருக்குக் கட்டின மரத்தைச் சுற்றி நிலம் புல் பூண்டு இல்லாமல் வட்டமாகத் தேய்ந்திருந்தது, மாடு வளைத்துச் சூடடித்த களம் மாதிரி. விடியுமட்டும் அது சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. கனகசிங்கம் அந்த வட்டத்துக்குள் கால் வைக்காமல், வெளியே குந்தி, வெயில் ஏறுமட்டும் இருந்தார். பிறகு மற்ற ஆறு வயரையும் கழற்றிக் கொண்டுபோய்க் குளத்தில் எறிந்தார்.

அன்றைக்கு அவருக்குள் ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. செத்ததைப் பார்த்தாயிற்று. உயிரோடு இருக்கிறது எப்படி நடக்கும்? காலை எப்படித் தூக்கி வைக்கும்? வாலை என்ன செய்யும்? தன் கையால் செத்த ஒரு பிராணியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறது அவருக்கு ஒரு முள் மாதிரி. பல தடவை காட்டுக்குப் போய்ப் பார்த்தார். அடித்தடம் கண்டார், மரத்தில் நகம் கீறினதைக் கண்டார். ஆளைக் காணவில்லை.

இந்த வருசம் புரட்டாதியில் வினாயகமூர்த்தி கடைக்கு வந்தார். நூற்றுச் சொச்சம் மாடு வைத்திருக்கிற பட்டிக்காரர், குடிவழி முறையில் கனகசிங்கத்துக்கு மச்சான். கையில் ஒரு போத்தல். நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்து.

"ஏழாவது மாட்டுக் கண்டும் போயிட்டு மச்சான்," என்றார். "சிறுத்தை."

கனகசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அடி பாத்தீங்களா? எவ்வளவு அகலம்? ஒரே வழியாலதான் வருகுதா?"

"கண்டு போயிட்டெண்டு நான் கத்துறன். நீ அதுட காலளவு கேக்கிறாய்."

வினாயகமூர்த்தியின் பட்டி ஆலையடிக்குளத்துப் பக்கம், காட்டோரத்தில். அடுத்த மாதம் மூன்றாம் திகதிக்குள் வயல் வட்டையில் நிற்கிற மாடெல்லாம் வெளியேற வேண்டும், பிறகு விதைப்பு என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. வட்டையை விட்டு வெளிக்கிடுகிற பத்துப் பட்டியும் அந்தக் குளத்தடிக்குத்தான் வரும். அதற்கு முதல் இதை முடிக்க வேண்டும் என்பது வினாயகமூர்த்தியின் கணக்கு. தின்று மிச்சம் கிடக்கிற கன்றில் மருந்தை ஊற்றி வைத்தால் இரண்டு நாளில் அலுவல் சரி.

"உங்கட நாயும் தின்னும்," என்றார் கனகசிங்கம். "மழை பெஞ்சா குளத்துக்க இறங்கும். அந்தத் தண்ணியத்தானே மாடு குடிக்கிற?"

"அப்ப நான் என்ன செய்ற? மாலை போட்டுக் கூட்டிட்டு வரவா?"

"நான் பிடிச்சுத் தாறன். உசிரோட."

வினாயகமூர்த்தி தலைக்கு மேலே தொங்கின எலிப்பொறிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கனகசிங்கத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, ஆனால் மச்சான் சிரிக்கவில்லை.

"மூணாந் திகதிக்கு இன்னும் பதினாலு நாள் இரிக்கு," என்றார் கனகசிங்கம். "அது வரைக்கும் போத்தலத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி. பதினாலு நாள். பதினஞ்சாம் நாள் காலையில நான் ஊத்துவன். அப்ப நீ வந்து நிண்டு அழப்படாது."

கனகசிங்கம் அன்றைக்கே வனவிலங்கு ஒபிசுக்குப் போனார். அங்கே இருந்தவர் இஷாம், ஏறாவூர்ப் பிள்ளை, முப்பத்திநாலு வயசு. சொல்ல வந்ததை மூன்று தரம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணன், நீங்க தனியாக் கூடு வெச்சீங்கெண்டா நான் சிறுத்தைய விட்டுட்டு உங்களத்தான் பிடிக்கணும்," என்றார்.

"அதுதானே உங்களட்ட வந்திரிக்கன் தம்பி."

ஒபிஸ் கூடு வேறு ஒரு பக்கம் வேலையில் நின்றது. இஷாம் மேலிடத்துக்கு எழுதி, போன் எடுத்து, இரண்டாம் நாள் அனுமதி வாங்கினார். கூட்டைக் கனகசிங்கம் செய்யலாம், இஷாம் கூடவே நிற்க வேண்டும், அகப்பட்டால் மிருக டொக்டர் வந்துதான் ஏற்ற வேண்டும். அளவும் சொன்னார். நீளம் எட்டரை அடி. கம்பிக்கு இடையில் இரண்டு விரல்தான் போகலாம், இல்லாவிட்டால் பல்லை விட்டு உடைத்துக்கொள்ளும். கதவு விழும்போது வால் வெளியே கிடக்கப்படாது.

"வால் எவ்வளவு நீளம் வரும்?"

"உடம்புல முக்காவாசி எண்டு வெச்சுக்கொள்ளுங்களன்."

கனகசிங்கம் அந்தச் செத்த சிறுத்தையின் வாலை நினைத்துப் பார்த்தார். கையால் அளந்து பார்க்காமல் விட்டோமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மூன்று நாளில் கூடு முடிந்தது. பின்பக்கம் ஆட்டுக்குட்டி கட்ட ஒரு தடுப்பு. நடுவில் மிதிபலகை. மிதித்தால் ஆணி கழன்று கதவு மேலிருந்து விழும். சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே வழிதான் தெரிந்தது. கனகசிங்கம் நாலு காலில் உள்ளே போனார். கதவு 'டமார்' என்று விழுந்தது. திறக்க ஆளில்லை. அஜந்தா சந்தைக்குப் போயிருந்தா. அரைமணித்தியாலம் கழித்து வந்தது வினாயகமூர்த்தி.

"அட! முதல் சிறுத்தை அகப்பட்டிட்டு!" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன தின்னும் இது? சோறா, புட்டா?"

"திறக்காதீங்க மச்சான். கொஞ்சம் இரிங்க."

"ஏன்?"

"உள்ளுக்க இருந்து பாத்தா வெளிய எப்பிடித் தெரியுதெண்டு பாக்கிறன்."

வினாயகமூர்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டார். இந்த ஆள் உண்மையிலேயே பிடித்தாலும் பிடிப்பான் என்று அவருக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

புது இரும்பு என்றால் இங்கே பூசை வைக்காமல் ஒருவரும் தொடமாட்டார்கள். மிசின் வாங்கினாலும் பூசை, தோணி இறக்கினாலும் பூசை, நீரிறைக்கிற மோட்டருக்கும் பூசை. சிறுத்தை பிடிக்கப் போகிற கூட்டைச் சும்மா ஏற்றுவார்களா? கனகசிங்கமே முன்னுக்கு நின்று செய்தார். கதவுக்குச் சந்தனம் குங்குமம், நாலு மூலைக்கும் மஞ்சள் தண்ணி, சாம்பிராணிப் புகை, கர்ப்பூரம். தேசிக்காய் நாலை லான்ட்மாஸ்டர் உழவு மிசின் சில்லுக்குக் கீழே வைத்து நசித்து, அதன் பெட்டியில் கூட்டை ஏற்றினார்கள். ஆட்டுக்குட்டியின் நெற்றியிலும் ஒரு பொட்டு. இஷாம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு கரையில் மரியாதையாக நின்றார். குளத்தடிக்குப் போன பிறகும், பின்னேரம் கதவைத் தூக்கிவிடுகிற நேரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கர்ப்பூரம், கொஞ்சம் சாம்பிராணி. பெரிய அலுவல் அல்லவா, குறை வைக்கக்கூடாது.

முதல் நாள் காலையில் கதவு விழுந்து கிடந்தது. மூன்று பேரும் ஓடினார்கள். உள்ளே வினாயகமூர்த்தியின் பட்டி நாய் வாலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி கதவு விழுந்திருந்தது. உடும்புச் சாதியில் ஒரு பெரிய கபரகொய்யா, முதலைக் குட்டி மாதிரி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஆட்டுக்குட்டி தடுப்புக்குப் பின்னால் இலையைச் சப்பிக்கொண்டு நின்றது. அதற்கு இப்போது கூடு பழகி, ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டது.

"மச்சான், நாளைக்கு என்ன வரும்?" என்றார் வினாயகமூர்த்தி. "கோழி வருமா?"

கனகசிங்கம் கூட்டடியில் குந்தினார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுத்தை வந்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் வந்திருக்கிறது. குளக்கட்டில் இருந்து இறங்கி, நேராகக் கூட்டைப் பார்த்து நடந்து, பதினைந்து அடி தூரத்தில் நின்றிருக்கிறது. நின்று, பின்காலை மடக்கி இருந்திருக்கிறது. இருந்த இடத்தில் மண் அழுந்தியிருந்தது. எழும்பிக் கூட்டை ஒரு வட்டம் சுற்றி, வந்த வழியே போயிருக்கிறது. பசி இல்லாத பிராணி ஆட்டுக்குட்டியை இப்படிப் பார்த்துக்கொண்டு இராது. பசி இருக்கு. ஆனால் ஏதோ ஒன்று அதைப் பதினைந்து அடியில் மறிக்குது. என்ன அது?

இரும்பில் கால் வைக்கப் பிடிக்கவில்லையோ என்று அடித்தட்டில் மண்ணும் சருகும் பரப்பினார். நிழல் தட்டுகுதோ என்று கூட்டைத் திருப்பி வைத்தார். வழி பிழையோ என்று குளக்கட்டுக்குக் கீழே, அது நடக்கிற பாதைக்கே கொண்டுபோய் வைத்தார். பதினைந்து அடி பதினைந்து அடியாகவே இருந்தது. ஒரு காலையில் சிறுத்தை இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்து, அதன் கண்ணளவுக்குத் தலையை வைத்துக் கூட்டைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. இஷாம் அதைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இருமிவிட்டு அங்கால் போய்விட்டார்.

ஐந்தாவது இரவு முடிந்த காலையில் பட்டியின் மற்றக் கரையில் எட்டாவது கன்று போயிருந்தது. பாதி தின்று, பற்றைக்குள் இழுத்து விட்டிருந்தது. வினாயகமூர்த்தி மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பட்டி வாசல் கட்டையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்.

"இந்தக் கண்டுலதான் ஊத்தப் போறன்."

"பதினாலு நாள் எண்ட நீங்க. இன்னும் நாலு இரிக்கு."

"உன்ட சாமான் நாய் பிடிக்குது மச்சான். நாய எனக்கும் பிடிக்கத் தெரியும்."

"நாலு இரிக்கு."

வினாயகமூர்த்தி காறித் துப்பினார். ஆனால் போத்தல் கட்டையிலேயே தொங்கியது. சொன்ன சொல் என்று ஒன்று அவரிடமும் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அஜந்தா ஸ்கூட்டியில் சோறு கொண்டு வந்தா. ஆறு நாளாக மனிசன் வீட்டுப் பக்கம் வராமல் பட்டியிலேயே கிடக்கிறாரே என்று. குளக்கட்டால் இறங்கிக் கூட்டைப் பார்த்து நடந்து வந்தவ, பாதியில் நின்று மூக்கைச் சுளித்தா.

"என்னது இது? அமிர்தகழியில மாமாங்கத் திருவிழாவுக்கு வந்த மாதிரி மணக்குது!"

"என்ன மணக்குது?" என்றார் கனகசிங்கம்.

"உங்களுக்கு மணக்கல்லையா? கர்ப்பூரம், சாம்பிராணி, சந்தனம். அதுக்குள்ள ஒரு அத்தர் மணமும். சிறுத்தைக்கு வெச்ச கூடா, சாமி இருத்தி வெச்ச தேரா?"

கனகசிங்கம் அவ நின்ற இடத்தைப் பார்த்தார். கூட்டுக்கும் அவவுக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும்.

அஜந்தா விடவில்லை. "எங்கட அப்பா புது நண்டுக்கூட்ட அப்பிடியே கொண்டுபோய் வாவியில வெச்சவரா? மூணு நாள் கண்டல் சேத்துக்குள்ள புதைச்சுத்தானே எடுக்கிறவர். புதுக்கூட்டுக்கு நண்டே வராது. சிறுத்தைக்கு அதவிட மூக்குக் குறைவா?"

கனகசிங்கத்தின் கை தலைக்குப் போனது. இருபது வருசமாக நண்டுக்கூடு விற்கிறார். வாங்குகிற ஒவ்வொருவனிடமும், 'சேத்தில புதைச்சுட்டு வை' என்று சொல்லித்தான் கொடுக்கிறார். சொன்ன வாய் அவருடையது. பூசைக்கு நின்றபோது அந்த வாய் எங்கே போனது? கர்ப்பூரத்துக்குள்ளேயே கிடந்து கிடந்து அவருடைய மூக்குக்கு அது மணமாகவே தெரியவில்லை.

இஷாம் மரத்தடியில் நின்று நிலத்தைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் கனகசிங்கம். "உங்களுக்குத் தெரியும்."

இஷாம் கிண்டுகிறதை நிறுத்தினார். "ரெண்டாம் நாளே நினைச்சன் அண்ணன்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? நான் ஏறாவூரான். நீங்க கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறீங்க. அந்த நேரம் நான் வந்து கர்ப்பூரத்த அணையுங்க, சந்தனத்தத் துடைங்க எண்டு சொன்னா அது வேற கதையாப் போயிராதா? உங்களுக்கு மனம் நோகும் எண்டு பேசாம இருந்தன்."

கனகசிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. "தம்பி, உங்கட அத்தர் இரிக்கே, அது எனக்கு முதல் நாளே மணந்தது. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. தொழுதுட்டு வாறீங்க. எப்பிடிச் சொல்ற எண்டு நானும் பேசாம இருந்தன்."

இஷாம் தன் சேட்டுக் கொலரை மணந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்து ஓயவில்லை. மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"ரெண்டு மடையன்," என்றா அஜந்தா. "சோத்தத் தின்னுங்க."

சோறு தின்ற கையோடு வேலை தொடங்கியது. லான்ட்மாஸ்டரில் கூட்டைக் கட்டி இழுத்துக் குளத்துச் சேற்றுக்குள் இறக்கினார்கள். நாலில் இரண்டு இரவு சேற்றுக்கே போய்விடும். மிச்சம் இரண்டு இரவுதான். வினாயகமூர்த்திக்கு அதைவிட வேறொரு பயம்.

"பூசை இல்லாமல் வெச்சா அகப்படுமா மச்சான்?"

"பூசைய ஆரு விடச் சொன்ன? கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய் நீங்க வைங்க. சாமிக்கு மணம் பிடிக்கும், அங்க குடுப்பம். இதுக்குப் பிடிக்குதில்ல, இஞ்ச குடுக்காம விடுவம்."

வினாயகமூர்த்தி உண்மையிலேயே போனார். மூன்று பெட்டி கர்ப்பூரம் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் கொளுத்தினார். திரும்பி வந்தபோது அவரைக் கூட்டுக்குப் பக்கத்தில் விடவில்லை, பட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு கோபம்.

மூன்றாம் நாள் கூட்டை எடுத்தார்கள். சேறு காய்ந்து பாசி ஒட்டி, பத்து வருசம் அங்கேயே கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. இஷாம் சவுக்காரம் போடாமல் குளத்தில் குளித்து, மாட்டுப் புகை பிடித்த ஒரு பழைய சாரத்தையும் சேட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். ஏறாவூரில் உம்மா கண்டால் வீட்டுக்குள் எடுக்கமாட்டா என்றார். கையில் சாணியைத் தேய்த்துக்கொண்டு இரண்டு பேரும் கூட்டைப் பற்றைக்குள், பாதி தின்ற கன்று கிடந்த இடத்துக்கே கொண்டுபோனார்கள். பொட்டு வைத்த ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு, அந்தக் கன்றையே உள்ளே கட்டினார்கள். நாலு மணிக்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

மறுநாள் காலை கதவு தூக்கினபடியே நின்றது. கன்று தொடாமல் கிடந்தது. ஆனால் கனகசிங்கம் நிலத்தைப் பார்த்துவிட்டு இஷாமின் கையைப் பிடித்தார். பதினைந்து அடி இல்லை. அடித்தடம் கதவடி வரைக்கும் வந்திருந்தது. ஒரு முன்னங்கால், ஒன்றே ஒன்று, உள்ளே பரப்பின மண்ணில் பதிந்திருந்தது.

"வெச்சுப் பாத்துட்டு எடுத்திரிக்கு," என்றார் மெதுவாக.

ஒரு இரவு மிச்சம். போத்தல் கட்டையில் தொங்கியது. அன்றைக்குக் கனகசிங்கம் கூட்டில் கையே வைக்கவில்லை. "அதுவும் என்னை மாதிரித்தான்," என்றார். "பாக்காம விடாது."

பதினைந்தாம் நாள் விடியல் வெளுக்கிற நேரம். பட்டியில் மாடுகள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. பற்றைக்குள் இருந்து இரும்பில் எதுவோ மோதுகிற சத்தம். பிறகு மரம் அரிகிற வாள் மாதிரி ஒரு குரல். கனகசிங்கம் ஓடினார். பின்னால் இஷாம், ஒரு காதில் போன், மற்றக் கையில் நெல்லுக் காயப்போடுகிற படங்கு.

கூடு ஆடிக்கொண்டிருந்தது. பத்து அடி தூரத்தில் கனகசிங்கம் நின்றார். கம்பிக்குப் பின்னால் மஞ்சள் ஒன்று புரண்டது. புள்ளி, சிவந்த வாய், ஒரு கண். கண் என்றால் அப்படி ஒரு கண். அது தன் உடம்பைத் தூக்கிக் கம்பியில் அடித்தது, திரும்பி மறுபடி அடித்தது. இரும்பைக் கடித்தது. பல் முரசில் இரத்தம்.

"மூடுங்க அண்ணன்!" இஷாம் படங்கைக் கையில் திணித்தார். "ஆளக் கண்ணுல கண்டா அடங்காது. பல்ல உடைச்சுக்கொள்ளும். பல்லுப் போனா காட்டுல விட்டும் பிரயோசனம் இல்ல, செத்திரும். டொக்டர் வர மூணு மணித்தியாலம் ஆகும்."

கனகசிங்கம் படங்கைப் பிடித்தபடி நின்றார். இருபத்திரண்டு வருசம். இன்னும் அது நடக்கிறதைப் பார்க்கவில்லை, காலை எப்படி வைக்குது என்று பார்க்கவில்லை. ஒரு நிமிசம் போதும். அரை நிமிசம்.

அது மறுபடி கம்பியில் அடித்தது. கூட்டைச் சுற்றிச் சருகு பறந்தது. அந்த நேரம் கனகசிங்கத்தின் கண்ணில் பட்டது சிறுத்தை இல்லை, ஒரு மரத்தைச் சுற்றித் தேய்ந்து போன வட்டம்.

படங்கை விரித்து எறிந்தார். இஷாம் மற்றக் கரையைப் பிடித்து இழுத்தார். இருட்டு விழுந்ததும் அடி நின்றது. ஒரு உறுமல். பிறகு மூச்சு மட்டும், பெரிய துருத்தி மாதிரி.

வினாயகமூர்த்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அகப்பட்டிட்டா? உண்மையாவா? ஒருக்காத் தூக்கு மச்சான், பாப்பம்."

"ஏலா."

"எட்டுக் கண்டு திண்ட நாய். எனக்குப் பாக்க உரிமை இல்லையா?"

"ஏலா எண்டா ஏலா."

சங்கதி பரவி, வட்டையில் நின்றவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு மூலையை மட்டும் தூக்குங்க, ஒரு படம் எடுக்கிறம் என்றார்கள். கனகசிங்கம் ஒரு தடியை எடுத்துக்கொண்டு கூட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். மூன்று மணித்தியாலமும் அப்படியே. யாரையும் விடவில்லை, தானும் திரும்பவில்லை. காது மட்டும் பின்னால் இருந்தது. ஒரு தரம் அது நக்குகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் ஒரு நீளப் பெருமூச்சு, அலுத்துப் போன மனிசன் விடுகிற மாதிரி. அதற்கு அவர் தலையை ஆட்டினார்.

டொக்டர் வந்து, எல்லாரையும் கட்டுக்கு அங்கால் அனுப்பி, படங்கின் ஓட்டையால் ஊசி அடித்தார். மயங்கினதும் கூட்டோடு அப்படியே மூடினபடி லொறியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பிடிக்க ஆள் காணாமல் கனகசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் அவர் பிடித்தார். படங்குக்குக் கீழே, கம்பிக்கு வெளியே, வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் அதை எடுத்தார். நினைத்ததைவிடப் பாரம். சூடு. செத்ததன் சூடு இல்லை, இது வேறு. லொறிக் கதவில் நசியாமல் மெதுவாக உள்ளே மடித்து வைத்தார்.

லொறி போனது. வினாயகமூர்த்தி கட்டையில் இருந்து போத்தலை அவிழ்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"விதைச்ச பொறகு தத்திப் பூச்சிக்கு அடிக்கலாம்," என்றார். "வீணாக்கப்படாது." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எலிப்பொறி ஒண்டும் எனக்கு வேணும் மச்சான். வீட்டுல எலி," என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

அஜந்தா கேட்டா: "எப்பிடி இருந்தது?"

"வால் மட்டும் பாத்தன்."

"பதினாலு நாள் கிடந்து வாலா?"

"நல்ல வால்."

மூன்றாம் நாள் இஷாமிடம் இருந்து போன் வந்தது. தூரக் காட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மலையடியில், கூட்டைத் திறந்து விட்டாயிற்று. பல் ஒன்றும் உடையவில்லை. நல்ல சுகம்.

கனகசிங்கம் வெல்டிங் கோலைக் கீழே வைத்தார். "கதவு திறக்கக்குள்ள எந்தக் காலத் தம்பி முதல் வெச்சது?"

"எந்தக் காலா?"

"வலதா, இடதா? பாஞ்சு போனதா, நடந்து போனதா? வாலத் தூக்கினதா, பதிச்சதா? திரும்பிப் பாத்ததா?"

"அண்ணன், நாங்க எல்லாரும் லொறிக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு இருந்த நாங்க. கயித்த இழுத்தம், கதவு திறந்த சத்தம் கேட்டது. பாக்கக்குள்ள கூடு வெறும் கூடு."

"அப்ப ஒருத்தரும் பாக்கல்ல?"

"ஒருத்தரும் பாக்கல்ல."

"நல்ல ஆக்கள்!" என்றார் கனகசிங்கம். "தம்பி, அடுத்த முறை நான்தான் கதவு திறக்கிற. இப்பவே எழுதி வைங்க."

போனை வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வினாயகமூர்த்தியின் எலிப்பொறியைக் கையில் எடுத்தார்.